‘ஸாரி சொல்லு, கை குடு’ போதாது: ‘தி யங் பீஸ்மேக்கர்’ பாடத்திட்டம் – ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு மதிப்புரை

சண்டையைத் தீர்க்கப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தரும் இந்தப் பாடத்திட்டத்தை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறோம். எட்டிலிருந்து பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருந்தால் தாராளமாக வாங்கலாம். ஐந்து, ஆறு வயதுக் குட்டிகள் மட்டும்தான் என்றால் பன்னிரண்டு பாடங்களில் நாலுதான் தேறும். அதையும் பிசைந்துதான் ஊட்ட வேண்டும். எந்த வயதானாலும் சரி, முதல் பாடத்தோடு ஒரு எச்சரிக்கையைச் சேர்க்காமல் நடத்தாதீர்கள். அதைக் கீழே விரிவாகச் சொல்கிறோம்.

கோர்லெட் சாண்டி எழுதிய இந்தப் பாடத்திட்டத்தை 1997-இல் அமெரிக்காவின் ஷெப்பர்ட் பிரஸ் வெளியிட்டது. அவருடைய கணவர் கென் சாண்டி பொறியியலும் சட்டமும் படித்தவர். மொன்டானா மாநிலம் பில்லிங்ஸ் நகரில் 1982-இல் உருவான பீஸ்மேக்கர் மினிஸ்ட்ரீஸ் ஊழியத்தின் நிறுவனர். வழக்கு, மணமுறிவு, சபைப் பிளவு என்று பெரியவர்களின் சண்டைகளுக்காக அவர் 1991-இல் எழுதிய நூலின் கருத்துகள்தான் இங்கே பிள்ளைகளுக்கான அளவில் வருகின்றன. ஆசிரியர் கையேடு ஒன்று, பாடத்துக்கு ஒன்றாக மாணவர் பயிற்சிச் சிற்றேடுகள் 12. இந்த மதிப்புரை ஆங்கிலப் பதிப்பைப் பற்றியது.

சண்டை போடாதே என்று சொல்லித்தரும் ஞாயிறு பாடங்கள் நம்மிடம் ஏராளம். சண்டை வந்தபிறகு அடுத்த நிமிடம் என்ன செய்வது, வாயைத் திறந்து எந்த வார்த்தையைச் சொல்வது என்று படிப்படியாகச் சொல்பவைதான் குறைவு. இந்தக் கையேட்டுக்குக் காசு கொடுப்பது அந்த ஒன்றுக்காகத்தான்.

முதல் பாடம் ஒரு குன்றின் படம். குன்றின் இடப்பக்கச் சரிவு தப்பி ஓடும் பக்கம்: நடக்கவே இல்லை என்று மறுப்பது, பழியை அடுத்தவன்மேல் போடுவது, ஓடிப்போவது. வலப்பக்கச் சரிவு தாக்கும் பக்கம்: மட்டம் தட்டுவது, புறம்பேசுவது, அடிப்பது. உச்சியில் மட்டும் கால் வழுக்காத இடம் உண்டு. அங்கே மூன்று வழிகள்: சின்ன விஷயம் என்று விட்டுவிடுவது, நேரில் பேசித் தீர்ப்பது, பெரியவரிடம் உதவி கேட்பது. ஆக மொத்தம் ஒன்பது. பெரியவர்களுக்கான நூலில் இதே குன்றில் நீதிமன்றமும் கொலையும் வரை வரும். பிள்ளைகளுக்கு அதையெல்லாம் கழித்துவிட்டார்கள்.

இதைச் சிற்றேட்டில் பார்த்து வண்ணம் தீட்ட வைத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். தரையில் சாக்பீஸால் பத்தடி அகலத்துக்குக் குன்றை வரையுங்கள். ஒன்பது பதில்களையும் ஒன்பது அட்டையில் எழுதி அந்தந்த இடத்தில் வையுங்கள். பிறகு ஒரு சூழ்நிலையை வாசித்து, “நீங்க என்ன செய்வீங்களோ அங்க போய் நில்லுங்க” என்று சொல்லுங்கள். “தண்ணி குடிக்கிற வரிசையில ஒருத்தன் உன்னைத் தள்ளிட்டு முன்னாடி போறான்.” “உன் தங்கச்சி உன் ரெக்கார்டு நோட்டுல கிறுக்கிட்டா.” நடுநடுவே, “இங்க நின்னா அடுத்தது என்ன ஆகும்?” என்று கேட்டு, பிள்ளையை ஒரு அடி கீழே இறக்குங்கள். மறுப்பவன் அடுத்து பழி போடுவான், பழி போட்டவன் அடுத்து ஓடுவான் என்று சறுக்கலைக் காலால் உணர்வது அவர்களுக்குப் பிடித்துப்போகும். 12 முதல் 15 பேர் உள்ள வகுப்புக்கு ஐந்து சூழ்நிலைகள் போதும். அதற்குமேல் போனால் ஓடிப்பிடிக்கிற ஆட்டமாகிவிடும்.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு ஒன்று. எல்லாப் பிள்ளைகளும் முதல் சூழ்நிலையிலேயே உச்சிக்கு ஓடி நின்றுகொள்வார்கள். டீச்சர் எதிர்பார்க்கிற பதில் அது என்று அவர்களுக்குத் தெரியும். “நல்ல பிள்ளை என்ன செய்யும்னு கேக்கல. போன வாரம் வீட்டுல நீங்க என்ன செஞ்சீங்க?” என்று கேள்வியைத் திருப்புங்கள். ஒவ்வொருவராக இறங்கி வருவார்கள். இறங்கியவனைப் பார்த்து முகம் சுளித்தீர்களானால் அடுத்த வாரம் யாரும் உச்சியை விட்டு அசையமாட்டார்கள்.

இனி அந்த எச்சரிக்கை. ‘விட்டுவிடுவது’ என்ற வழிக்கு நம் ஊரில் அபாயமான அர்த்தம் கொடுத்துவிடுவார்கள். “அண்ணன்தானே, விட்டுக்கொடு”, “மாமாதானே, பெருசு பண்ணாதே” என்பதைக் கேட்டு வளர்கிற பிள்ளை, இந்தப் பாடத்தை அதன்மேல் ஏற்றிப் புரிந்துகொள்ளும். எனவே விட்டுவிடுவதற்கு மூன்று நிபந்தனைகளை வெளிப்படையாகச் சொல்லுங்கள். விஷயம் சின்னது, திரும்பத் திரும்ப நடக்கவில்லை, உள்ளுக்குள் குமையாமல் மறக்க முடிகிறது. இதில் ஒன்று குறைந்தாலும் பேச வேண்டும் அல்லது உதவி கேட்க வேண்டும். பெரியவர் ஒருவர் அடித்தாலோ, கூடாத இடத்தில் தொட்டாலோ, “யார்கிட்டயும் சொல்லாதே” என்று மிரட்டினாலோ அது சண்டையே இல்லை. குன்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நேரே சொல்லிவிட வேண்டும். 1098 என்ற சைல்ட்லைன் எண்ணைக் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை: போக்சோ சட்டம் 2012-இன் 19-ஆம் பிரிவின்படி, பிள்ளைமீது பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்தவர் எவராயினும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும், தெரிவிக்காமல் இருப்பது தண்டனைக்குரியது. “சபைக்குள்ள பேசிக்கலாம், மன்னிச்சு விடுவோம்” என்பதற்கு அங்கே இடமில்லை. அமெரிக்காவில் அச்சான கையேட்டில் இதெல்லாம் இருக்காது. நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

இரண்டாம் பாடம் சண்டை இருதயத்தில் தொடங்குகிறது என்பது. யாக்கோபு 4:1 இதற்குப் பொருத்தமான வசனம். ஆனால் ‘அவயவங்களில் போர்செய்கிற இச்சைகள்’ ஒன்பது வயதுக்காரனுக்கு ஏறாது. “எனக்கு ஒண்ணு வேணும். கிடைக்கலன்னா கோபம் வரும். கோபத்துல அடிப்பேன்” என்று மூன்று வரியில் சொல்லிவிட்டு, வசனத்தை மனப்பாடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். வேண்டும் என்பது தப்பில்லை, அது கிடைத்தே ஆக வேண்டும் என்று மாறும்போதுதான் சிக்கல் என்பதை அழுத்திச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பயந்த சுபாவமுள்ள பிள்ளை, ‘என் மனசே கெட்டது’ என்று முடிவுகட்டி வீட்டுக்குப் போகும். மூன்றும் நான்கும் (விளைவுகள், என் வழி – ஞான வழி) ஒரே கருத்தை இரண்டு தரம் சொல்கின்றன. ஒரே வாரத்தில் முடித்துவிடலாம். ஐந்தாவது பழிபோடும் ஆட்டம். ஆதியாகமம் 3-இல் ஆதாம் ஏவாளைக் காட்டுகிறான், ஏவாள் சர்ப்பத்தைக் காட்டுகிறாள். இதை மூன்று பிள்ளைகளை நிறுத்தி விரல் நீட்ட வைத்தால் நாலு நிமிடத்தில் புரிந்துவிடும்.

கையேட்டின் உயிர் ஏழாம் பாடம். பெரியவர்களுக்கான நூலில் தவறை ஒப்புக்கொள்வதற்கு ஏழு படிகள் இருக்கும். பிள்ளைகளுக்கு ஐந்தாகச் சுருக்கியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் ஐந்தும் ‘ஏ’ என்ற எழுத்தில் தொடங்கும். நாம் ஐந்து விரலாக எண்ணிக்கொள்ளலாம்: செய்ததை ஒத்துக்கொள், அதனால் அடுத்தவருக்கு ஆனதற்கு வருத்தம் சொல், விளைவை ஏற்றுக்கொள், மன்னிப்புக் கேள், இனி மாற்றிக்கொள்.

காகிதத்தில் எளிது. நடிப்பில்தான் தெரியும். ஜோயல், ரூபன் என்று இரண்டு பாத்திரங்களை வைத்துக்கொள்வோம். ரூபன் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டான், ஜோயல் அவனுடைய ஜியாமெட்ரி பாக்ஸைத் தட்டிவிட்டான், காம்பஸ் உடைந்துவிட்டது. எந்தப் பயிற்சியும் இல்லாமல் ஜோயலாக நடிக்கிற பையன் சொல்வது இது:

“ஸாரிடா. ஆனா நீதான முதல்ல பட்டப்பேர் சொன்ன.”

‘ஆனா’ வந்த நிமிடமே கையைத் தட்டி நிறுத்துங்கள். அந்த ஒரு சொல்லுக்கு முன்னால் சொன்னதெல்லாம் அடிபட்டுப்போகிறது என்பதை வகுப்பே கண்டுபிடிக்கட்டும். ‘ஒருவேளை உனக்கு வலிச்சிருந்தா’ என்பதும் அதே ரகம். பிறகு விரலை மடக்கி மடக்கி இப்படி:

“உன் பாக்ஸைத் தட்டிவிட்டது நான்தான். அது தப்பு. நாளைக்கு உனக்குக் கணக்குப் பரீட்சை, காம்பஸ் இல்லாம கஷ்டப்படுவ. அதுக்கு வருத்தப்படுறேன். நாளைக்கு என் காம்பஸை நீ வெச்சுக்கோ, என் உண்டியல் காசுல புதுசு வாங்கித் தரேன். என்னை மன்னிப்பியா? இனிமே கோபம் வந்தா பொருள்மேல கை வைக்கமாட்டேன், எந்திரிச்சு வெளிய போயிருவேன்.”

இதில் இடறுகிற இடங்கள் தெளிவாகத் தெரியும். இரண்டாவது விரலில் பிள்ளைகள் “எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு” என்று தங்களைப் பற்றியே பேசுவார்கள். “அவனுக்கு என்ன ஆச்சு?” என்று கேட்டு இழுத்து வர வேண்டும். மூன்றாவது விரலைக் கெடுப்பது வீடு. சத்தமில்லாமல் அம்மா புது காம்பஸ் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார். காசில்லாத பிள்ளை என்றால் உழைப்பால் ஈடுகட்டலாம், ஆனால் அது அவன் ஈடுகட்டியதாக இருக்க வேண்டும். சகேயு நாலத்தனையாகத் திருப்பித் தந்தது (லூக்கா 19) மரத்தில் ஏறிய கதையோடு நின்றுவிடுகிறது நம் வகுப்புகளில்; அதை இங்கே கொண்டுவாருங்கள். ஐந்தாவது விரலில், “இனி நல்லா நடந்துக்குவேன்” என்பதை ஏற்காதீர்கள். என்ன செய்வான் என்று கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு செயலைச் சொல்ல வேண்டும்.

ரூபன் சொன்ன பட்டப்பெயர் என்ன ஆவது என்று பிள்ளைகள் விடாமல் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அவனுக்கும் ஐந்து விரல் இருக்கிறது, அவன் முறை தனியாக வரும் என்று சொல்லுங்கள். மத்தேயு 7-இல் முதலில் தன் கண்ணில் உள்ள உத்திரத்தை எடுக்கச் சொன்னது இந்த வரிசைக்காகத்தான். இரண்டையும் ஒரே மூச்சில் பேரம்போல முடித்தால் (“நீ ஒண்ணு சொல்லு, அவன் ஒண்ணு சொல்லட்டும்”) பஞ்சாயத்தாகிவிடும். பிள்ளைகள் நாட்டாமையைப் பார்க்கப் பழகுவார்கள்.

எட்டாம் பாடம் மன்னிப்பு. கையேடு மன்னிப்பை நான்கு வாக்குறுதிகளாக, ஆங்கிலத்தில் எதுகையோடு சின்னப் பாட்டுப்போல வைத்திருக்கிறது. நாம் சொல்வதானால், ‘நல்லதை நினைப்பேன், நோகடிக்கமாட்டேன், புறம்பேசமாட்டேன், நட்பை விடமாட்டேன்’ என்று கைதட்டிச் சொல்லலாம். ஆறு வயதுப் பிள்ளைக்குக்கூட இது நிற்கும். மன்னிப்பு உணர்ச்சி இல்லை, எடுக்கிற முடிவு என்பதைப் பிள்ளை மொழியில் சொல்ல இதைவிட நல்ல வழி எளிதில் கிடைக்காது. மத்தேயு 18-இல் பதினாயிரம் தாலந்து கடன் தள்ளுபடியானவன் நூறு வெள்ளிப்பணத்துக்காக உடன் வேலைக்காரன் தொண்டையைப் பிடிக்கிற உவமையை இதோடு சேருங்கள். புளியங்கொட்டை நூறை ஒரு கிண்ணத்தில் போட்டு, “இது இவனோட கடன். அந்தப் பதினாயிரம் தாலந்தைக் கொட்டைல காட்டணும்னா இந்த ரூமே பத்தாது” என்றால் அளவு புரிந்துவிடும்.

நான்கில் இரண்டு வாக்குறுதிக்கு விளக்கம் தேவை. ‘நல்லதை நினைப்பேன்’ என்றதும் ஒரு பிள்ளையாவது, “ஆன்ட்டி, நினைப்பு தானா வருதே?” என்று கேட்கும். வருவதைத் தடுக்க முடியாது, வந்ததும் அந்த ஆளுக்காக ஒரு வரி ஜெபித்துவிட்டு வேறு வேலைக்குத் திரும்பலாம் என்று சொல்லுங்கள். ‘புறம்பேசமாட்டேன்’ என்பதை ‘அம்மாவிடம் சொல்லமாட்டேன்’ என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். உதவி கேட்கச் சொல்வது வேறு, அவனை அசிங்கப்படுத்தச் சொல்வது வேறு என்று உதாரணத்தோடு பிரித்துக் காட்டாமல் இந்தப் பாட்டைச் சொல்லிக்கொடுக்காதீர்கள். அதேபோல, நட்பை விடாமல் இருப்பது தினமும் அடிக்கிறவன் பக்கத்திலேயே உட்கார்வதில்லை.

அடிபட்ட பிள்ளை “இப்ப முடியல” என்றால் அதை ஏற்றுக்கொள்ளுங்கள். அடுத்த ஞாயிறு வரை நேரம் கொடுங்கள், நடுவில் தனியாகப் பேசுங்கள். எல்லார் முன்னாலும் நிறுத்தி, “இயேசப்பா மன்னிச்சாரே, நீ மன்னிக்கமாட்டியா?” என்று கேட்பது வசனத்தைப் பிரம்பாக்குவது. மன்னித்தவர்களுக்கு ஸ்டார் ஒட்டுகிற பழக்கமும் வேண்டாம். ஸ்டாருக்காகவே சண்டையை உற்பத்தி செய்துகொண்டு வருவார்கள், நம்புங்கள்.

ஒன்பதும் பத்தும் சுமார். பதினொன்று மரியாதையான பேச்சு. இதை நடத்தும்போது நம் வழக்கத்தை மறக்கக்கூடாது. கண்ணைப் பார்த்துப் பேசு என்பது மேலைநாட்டில் மரியாதை, இங்கே பெரியவர் கண்டிக்கும்போது நிமிர்ந்து பார்த்தால் “என்னடா முறைக்கிற?” என்பார்கள். சமவயதுப் பிள்ளைகளோடு கண்ணைப் பார்த்து, பெரியவர்களோடு முகம் தாழ்த்தாமல் குரலைத் தாழ்த்தி என்று வைத்துக்கொண்டால் வீட்டில் அடி விழாது.

கடைசிப் பாடத்தை மட்டும் தவறவிடாதீர்கள். பெரியவரின் முடிவு பிடிக்காவிட்டால் எப்படி மறுபரிசீலனை கேட்பது என்பதைச் சொல்லும் பாடம். “எதிர்த்துப் பேசாதே” என்று மட்டுமே கேட்டுப் பழகிய பிள்ளைகளுக்கு இப்படி ஒரு வழி இருப்பதே செய்தி. தானியேல் 1 இதற்கென்றே எழுதினாற்போல் இருக்கிறது. தானியேல் முதலில் பிரதானிகளின் தலைவனிடம் கேட்கிறான். அவன் ராஜாவுக்குப் பயப்படுகிறான். உடனே தங்களைக் கவனிக்க வைக்கப்பட்ட விசாரிப்புக்காரன் மேல்ஷாரிடம் போய், பத்து நாள் பருப்பும் தண்ணீரும் கொடுத்துச் சோதித்துப் பாரும், பிறகு உமக்குத் தோன்றியபடி செய்யும் என்கிறான். மறுத்தவரின் பயத்தைப் புரிந்துகொண்டது, மாற்றுவழி சொன்னது, கால அளவு வைத்தது, முடிவை அவர் கையிலேயே விட்டது – நாலும் அதில் இருக்கின்றன. பிள்ளைகளிடம் இப்படி நடிக்கச் சொல்லலாம்: “அப்பா, டிவி பாத்தா மார்க் குறையும்னு நீங்க பயப்படுறது புரியுது. வீட்டுப்பாடம் முடிச்சுட்டு அரை மணி நேரம் மட்டும் பாக்கட்டுமா? ஒரு வாரம் பாருங்க, சரிவரலன்னா நிறுத்திருங்க.” ஆனால் பாடம் நடத்துவதற்கு முன்பு பெற்றோருக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி போட்டுவிடுங்கள். முன்னறிவிப்பில்லாமல் பிள்ளை வீட்டில் வந்து இப்படிப் பேசினால், “சர்ச்சுல இதைத்தான் சொல்லித்தராங்களா?” என்று மறுவாரம் உங்களிடம்தான் வருவார்கள்.

நடிப்புக்கான பொதுவிதி ஒன்று. அடிதடிக் காட்சியை நடிக்க விடாதீர்கள். பையன்கள் அதை மட்டும் ஆறு தரம் நடிப்பார்கள், நேரம் போய்விடும், ஒருவனுக்கு நிஜமாகவே படும். அடி விழுந்த மறுநொடியில் காட்சியைத் தொடங்குங்கள். வகுப்பில் அந்த வாரம் நடந்த நிஜச் சண்டையையும் உதாரணமாக எடுக்கக்கூடாது. பெயரை மாற்றினாலும் யார் என்று எல்லாருக்கும் தெரியும்.

ஐந்து முதல் ஏழு வயதுக்கு: குன்றை மூன்று இடமாகக் குறையுங்கள் – ஓடுவது, அடிப்பது, பேசுவது. ஐந்து விரலை மூன்றாக்குங்கள்: ‘நான்தான் செஞ்சேன்’, ‘உனக்கு வலிச்சிருச்சு’, ‘சரிபண்றேன்’. நான்கு வாக்குறுதியைப் பாட்டாக மட்டும் வையுங்கள். பழிபோடும் ஆட்டத்தை அப்படியே நடத்தலாம். நாலு வயதுக்குக் கீழே இதெல்லாம் வேண்டாம். அடுத்தவர் மனதில் என்ன ஓடுகிறது என்று ஊகிக்கிற திறனே அப்போதுதான் முளைக்கிறது. ஒரே மாதிரிப் பொம்மை இரண்டு வாங்கிப் போடுவது அந்த வயதில் பாதிச் சண்டையைக் குறைக்கும்.

கையேட்டின் பெரிய குறை நேரம். ஒரு பாடத்தில் உள்ளதையெல்லாம் 45 நிமிட ஞாயிறு வகுப்பில் முடிக்கவே முடியாது. பாடல், காணிக்கை போக 30 நிமிடம்தான் கையில் இருக்கும். கதைக்கு 7, நடிப்புக்கு 15, சிற்றேட்டில் ஒரே ஒரு பக்கத்துக்கு 5, மீதி ஜெபத்துக்கும் வசனத்துக்கும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். மிச்சப் பக்கங்கள் வீட்டுக்கு. எழுத்து வேலையும் அதிகம். ஆங்கிலம் சரளமில்லாத பிள்ளைகளுக்குச் சிற்றேடு வாங்குவது வீண். கையேடு மட்டும் வாங்கி, தமிழில் சொல்லி, நோட்டில் வரையச் சொல்வது நடைமுறைக்கு ஏற்றது. சூழ்நிலைக் கதைகள் அமெரிக்க வீட்டையும் பள்ளியையும் சார்ந்தவை. கூட்டுக்குடும்பம், டியூஷன், வேன், ஹாஸ்டல் என்று மாற்றி எழுத வாரத்துக்கு அரை மணி நேரமாவது ஒதுக்க வேண்டியிருக்கும்.

மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு எடுப்பதானால் 1, 2, 5, 7, 8, 12 ஆகிய ஆறு பாடங்களை எடுத்து, ஏழாம் பாடத்துக்கு மட்டும் இரண்டு நாள் கொடுங்கள். முதல் நாள் ‘ஆனா’வைப் பிடிப்பதற்கே சரியாகிவிடும்.